கைமாறிய காரின் இரண்டாவது விலை

டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்து வைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. டயர் உட்காரும் குழியின் ஓர மடிப்பில் மாவு போல மெல்லிய வண்டல். விரலால் வழித்தால் ஒட்டியது. முன் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளிக் குனிந்து பார்த்தோம். சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட் தலைகளில் துரு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தோம். மேலே பளிச்சென்று இருந்த பட்டை, கடைசி ஒரு முழத்தில் பழுப்பாக மாறியிருந்தது.

இடம் திண்டிவனம். பத்து வயதுக் கார், வெள்ளை நிறம், சிங்கிள் ஓனர், மீட்டரில் 52,000 கிலோமீட்டர், விலை 2,85,000 ரூபாய். என் மச்சான் முன்பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அவருடைய அம்மாவை மாதம் இரண்டு முறை புதுச்சேரி ஜிப்மருக்கு அழைத்துப்போக வேண்டும். விடிவதற்கு முன்பே கிளம்பி, பேருந்தில் நின்றுகொண்டு போகிற உடல்நிலையில் அவர் இல்லை. "தண்ணியே படாத வண்டி சார்" என்று விற்க வந்தவர் மூன்று முறை சொன்னார். நாங்கள் தண்ணீரைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்டிருக்கவில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க முடியாது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சங்கராபரணி கரை புரண்டது. தென்பெண்ணை ஊர்களுக்குள் வந்தது. அரசூரில் மலட்டாற்று வெள்ளம் தேசிய நெடுஞ்சாலையில் ஏறி, சென்னை - திருச்சி போக்குவரத்தையே நிறுத்தியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் ரத்தாயின. வீட்டு வாசலிலும் தெருவோரத்திலும் நின்ற கார்களும் அந்தத் தண்ணீரில் நின்றன. அவையெல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடவில்லை. கழுவி, உலர்த்தி, சீட் உறை மாற்றி, வாசனைத் திரவியம் அடித்து நம்மிடமே திரும்பி வருகின்றன.

பழைய காருக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று, புரோக்கர் சொல்வது. இன்னொன்று, வாங்கிய முதல் பன்னிரண்டு மாதத்தில் பட்டறை சொல்வது. நம் ஊரில் பேரமெல்லாம் முதல் விலைக்குத்தான். ஐயாயிரம் குறைக்க இரண்டு மணி நேரம் டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிறோம். நாற்பதாயிரம் கேட்கப்போகும் இரண்டாவது விலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. அந்த இரண்டாவது விலையை வண்டியை வாங்குவதற்கு முன்பே ஓரளவு கணக்குப் போட்டுவிட முடியும் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

நான்கு மீட்டர் வண்டியின் ஊர்

விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் புதுச்சேரி நாற்பது கிலோமீட்டர்தான். செஞ்சி, மரக்காணம், மயிலம், திருக்கோவிலூர் என்று சுற்றிலும் ஊர்கள். மருத்துவமனைக்கு, கல்யாணத்துக்கு, மேல்மலையனூர் அமாவாசைக்கு என்று குடும்பத்தோடு போய்வர ஒரு சின்னக் கார் போதும். ஆல்டோ, வேகன்-ஆர், ஸ்விஃப்ட், சான்ட்ரோ, ஐ10 என்று டி.என்-16, டி.என்-32 பலகையோடு இங்கே ஓடும் பழைய கார்களில் பெரும்பகுதி இந்த ரகம்தான். நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள் இருக்கும் காருக்கு மத்திய அரசு 2006-இலிருந்தே வரிச் சலுகை கொடுத்து வந்ததால், கம்பெனிகளும் இந்த அளவைக் குறிவைத்தே கார்களைச் செய்தன. இந்த ரகப் புதிய காருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. புதுசு மலிவாகும்போது பழசின் விலையும் இறங்கத்தான் வேண்டும். இன்னமும் அதற்கு முந்தைய விலையைச் சொல்பவரிடம் இதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லலாம்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. இந்த வண்டிகளில் பல பிறந்ததே நமக்குப் பக்கத்தில். 1998-இல் சான்ட்ரோ வெளிவந்தது இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து. 2010-இல் ஃபோர்டு ஃபிகோ வந்தது ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே இருக்கும் மறைமலை நகரிலிருந்து. திண்டிவனத்தில் நின்று பார்த்தால் ஒன்றரை மணி நேரப் பயணம். ஃபிகோவின் கதைக்குப் பிறகு வருகிறேன். நம் பக்கத்தில் பழைய கார் வாங்குபவர் அதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெல்ட்டா, செயினா?

2017-இல் நான் ஒரு பழைய கார் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம், குற்றம் கம்பெனியுடையதல்ல. வாங்கிய நான்காவது மாதம், சென்னையிலிருந்து திரும்பும்போது ஒலக்கூர் தாண்டி இன்ஜின் சத்தமே இல்லாமல் நின்றுபோனது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் மட்டும் லேசாகச் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. டைமிங் பெல்ட் அறுந்திருந்தது. அறுந்த வேகத்தில் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்திருந்தன. ஹெட்டை இறக்கி, வால்வு மாற்றி, கேஸ்கெட் போட்டு, இழுவை வண்டிக் கூலியும் சேர்த்து 27,400 ரூபாய் ஆனது. அந்த பெல்ட்டை வாங்கியவுடன் மாற்றியிருந்தால் நாலாயிரத்தோடு முடிந்திருக்கும். விற்றவரிடம் நான் கேட்டதெல்லாம் மைலேஜ் எவ்வளவு என்பதுதான்.

அதனால் யார் பழைய கார் வாங்கப்போகிறேன் என்று சொன்னாலும், நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: உள்ளே இருப்பது பெல்ட்டா, செயினா? ஆல்டோ 800-இன் 796 சி.சி. இன்ஜினில் பெல்ட். ஆல்டோ கே10-இலும் பிந்தைய ஸ்விஃப்ட் பெட்ரோலிலும் உள்ள கே சீரீஸ் இன்ஜினில் செயின். 2005-இல் வந்த முதல் ஸ்விஃப்டின் 1.3 பெட்ரோலில் பெல்ட். ஐ10-இலேயே இரண்டு வகை: 1.1 லிட்டரில் பெல்ட், 1.2 கப்பா இன்ஜினில் செயின். ஒரே பெயர், ஒரே முகம், உள்ளே வேறு வேறு செலவு. பெல்ட் என்றால் கையேடு சொல்லும் தூரத்தில், பொதுவாக ஒரு லட்சம் கிலோமீட்டரை ஒட்டி, மாற்றியே ஆக வேண்டும். வருடங்கள் ஓடினால் ரப்பர் தானாகவே வெடிக்கும். மாற்றியதற்கான பில் கையில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டென்ஷனர், வாட்டர் பம்ப் நிலையைப் பார்த்துச் சேர்த்து மாற்றினால் 3,500 முதல் 7,000 ரூபாய் வரை ஆகும். செயினுக்கு அந்தக் கவலை குறைவு. ஆனால் ஆயிலை நேரத்துக்கு மாற்றாத வண்டியில் அதுவும் நீண்டு, காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது கடகடவென்று சத்தம் கொடுக்கும். எனவே பழைய காரைப் பார்க்க விடியற்காலையில் போங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டுமே அது உண்மையைச் சொல்லும். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால், அடுத்த நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள்.

கால், கை, காது

கிளட்ச் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க மெக்கானிக்கே தேவையில்லை. நின்ற வண்டியில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். வண்டி உடனே அணைந்தால் நல்லது. உறுமிக்கொண்டே இருந்தால் பிளேட் முடிந்தது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்ற, ஆல்டோ போன்ற வண்டிக்குக் கூலியோடு 5,000 முதல் 7,500 வரை. ஸ்விஃப்ட், ஐ20 அளவு பெட்ரோல் வண்டிக்கு 7,000 முதல் 11,000 வரை. டீசலுக்கு அதைவிட நன்றாகவே அதிகம். இந்தத் தொகைகள் எல்லாம் வெளிப் பட்டறைகளில் தோராயமாகக் கேட்கப்படுபவை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் இதற்கு மேல் போகும். ஊருக்கு ஊர், உதிரிபாகத்தின் தரத்துக்குத் தகுந்தபடியும் மாறும்.

கிளட்ச் மிதி இல்லாத ஏ.எம்.டி. வண்டிகள் 2014-இல் செலெரியோவோடு வந்தன. கியர் லிவர் உண்டு, ஆனால் கிளட்சை மிதிப்பதும் கியரை மாற்றுவதும் மோட்டாரும் ஹைட்ராலிக்கும்தான். வயதானவர்களுக்கு வசதிதான். ஆனால் அந்த ஆக்சுவேட்டர் போனால் செலவு பல்லாயிரங்களில் போய் நிற்கும். விழுப்புரத்தில் எல்லாப் பட்டறைக்கும் அதில் கைப்பழக்கம் இல்லை. எட்டு வயதுக்கு மேற்பட்ட ஏ.எம்.டி. வண்டியை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

அடுத்து சஸ்பென்ஷன். நம் கிராமச் சாலைகளும் கரும்பு டிராக்டர் ஓடிக் குழிந்த பாதைகளும் முதலில் தின்பது முன் சக்கரத்து லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் ஆகியவற்றைத்தான். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது டொக் டொக் என்று சத்தம் வரும். தனித்தனியாகப் பார்த்தால் சின்னத் தொகை. லிங்க் ராடு சில நூறு ரூபாய்தான். ஷாக் அப்சார்பரும் சேர்ந்து போயிருந்தால் முன்பக்கம் மட்டும் 7,000 முதல் 12,000 ஆகிவிடும். முன் டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது, அல்லது வண்டி எங்கோ பலமாக இடித்திருக்கிறது.

இங்கே ஒரு சின்ன விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், பலர் இதில் ஏமாந்திருக்கிறார்கள். ஐ10, ஐ20 கார்களின் எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் மோட்டாருக்குள் கப்ளிங் என்று ஒரு ரப்பர் துண்டு இருக்கிறது, உள்ளங்கையில் அடங்குவது. அது தேய்ந்து உதிர்ந்தால் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டும்போது கடக் என்று ஒரு சத்தம், கையில் ஒரு தளர்வு. துண்டின் விலை சில நூறு. கழற்றி மாட்டும் கூலியைச் சேர்த்தால் இரண்டு மூவாயிரம். தெரியாத இடத்துக்குப் போனால் முழு ஸ்டீயரிங் காலமையே மாற்றச் சொல்லி இருபதாயிரத்துக்கு மேல் எஸ்டிமேட் கொடுப்பார்கள். பழைய காரின் செலவைப் பாதி முடிவு செய்வது வண்டி அல்ல, நீங்கள் போகும் பட்டறை. வாங்கும் முன்பே உங்கள் மாடலில் கை பழகிய ஒருவரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ.சி.யை அலட்சியம் செய்யாதீர்கள். சித்திரை வெயிலில் நோயாளியோடு விக்கிரவாண்டி டோல்கேட்டில் நிற்கும்போது அது ஆடம்பரம் இல்லை. "காஸ் மட்டும் ஏத்தினா போதும்" என்பது இந்தத் தொழிலின் நிரந்தர வாக்கியம். காஸ் ஏற்ற 1,500 முதல் 2,500 ரூபாய்தான். ஆனால் மூடிய குழாய்க்குள் இருக்கும் காஸ் தானாகத் தீராது. எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். கூலிங் காயில் ஓட்டையானால் டாஷ்போர்டைக் கழற்ற வேண்டும். கம்ப்ரஸர் போனால் புதிதுக்கு 12,000 முதல் 20,000 வரை. அதனால், ஏ.சி. வேலை செய்யவில்லை என்றால் விலையில் இரண்டாயிரத்தைக் குறைத்துக்கொண்டு சம்மதிக்காதீர்கள். கம்ப்ரஸர் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இலிருந்து பங்க்குகளுக்கு வந்துவிட்டது. அதற்கு முன் செய்த வண்டிகளின் பெட்ரோல் குழாய், ரப்பர் வாஷர்கள் அதை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. பத்து வயது வண்டியில் அந்தக் குழாய்களில் வெடிப்பு, பெட்ரோல் வாடை இருக்கிறதா என்று பார்ப்பது பணத்துக்காக மட்டுமல்ல, தீப்பிடிக்காமல் இருக்கவும்தான்.

டீசல் ஏன் மலிவாகக் கிடைக்கிறது

2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. டீசலுக்கு 2014 அக்டோபரில்தான் நீங்கியது. நடுவில் இருந்த நான்கு ஆண்டுகளில் இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இருந்ததால் வீட்டுக்கு வீடு டீசல் கார் வாங்கினார்கள். ஸ்விஃப்ட், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா மூன்றிலும் ஃபியட் வடிவமைத்த அதே 1,248 சி.சி. இன்ஜின் வந்தது. நல்ல இன்ஜின், செயின் வகை. அந்த வண்டிகள்தான் இன்று ஒன்றரை, இரண்டு லட்சத்துக்கு வருகின்றன. பார்க்க ஆசையாக இருக்கும்.

கணக்கு இப்படி. காமன் ரெயில் இன்ஜெக்டர் ஒன்று புதிதாக வாங்கினால் பத்தாயிரத்துக்கு மேல். அதில் நான்கு உண்டு. டர்போ போனால் இருபதாயிரத்துக்கு மேல். முழு இன்ஜின் வேலை என்றால் சின்னப் பெட்ரோல் வண்டிக்கு முப்பது முதல் ஐம்பதாயிரம், டீசலுக்கு எழுபதாயிரம் முதல் ஒரு லட்சத்தையும் தாண்டும். மாதம் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுபவருக்கு மட்டுமே அந்த மைலேஜ் இந்தச் செலவை ஈடுகட்டும். வாரம் ஒருமுறை புதுச்சேரி போய்வருபவர் இரண்டு லட்ச ரூபாய் டீசல் வண்டியை விட இரண்டரை லட்ச ரூபாய் பெட்ரோல் வண்டியை வாங்குவதே மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி ஃபிகோ. 2010 மார்ச்சில் வந்தபோது அது நம் பக்கத்துப் பெருமை. ஓட்டுவதற்கு உறுதியான வண்டி. இன்றைக்கும் நெடுஞ்சாலையில் அதன் பிடிமானத்தைப் பாராட்டாத டிரைவர் இல்லை. 2013-இல் சுமார் 1.66 லட்சம் ஃபிகோ, கிளாசிக் கார்களைக் கம்பெனி திரும்ப அழைத்தது. பின் அச்சின் ட்விஸ்ட் பீமிலும் பவர் ஸ்டீயரிங்கின் ஆயில் குழாயிலும் குறை. அந்த வேலை இலவசமாகச் செய்யப்பட்டது; ஆனால் உரிமையாளர் வண்டியைக் கொண்டுபோயிருந்தால்தானே. 2010 முதல் 2012 வரை செய்த ஃபிகோவை யாராவது காட்டினால், அந்தக் குழாயில் எண்ணெய்க் கசிவையும் பின் அச்சையும் லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் பேசாதீர்கள். 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. அடுத்த ஆண்டு மறைமலை நகர் ஆலையிலிருந்து கடைசி வண்டி வெளியேறியது. உதிரிபாகமும் சர்வீஸும் தொடரும் என்று கம்பெனி சொன்னது. ஆனாலும் பாடி பேனல், விளக்கு, எலெக்ட்ரானிக் பாகம் என்று வரும்போது சென்னை ஜி.பி. ரோட்டுக்கும் புதுப்பேட்டைக்கும் போன் போட்டு, பார்சல் வரும்வரை வண்டியைப் பட்டறையில் விட்டுக் காத்திருக்க வேண்டும். விலை குறைவாக இருப்பதற்கு அந்தக் காத்திருப்புதான் காரணம். இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்பவருக்கு ஃபிகோ நல்ல வாய்ப்பு. ஒரே வண்டியை நம்பி மருத்துவமனை போகும் குடும்பத்துக்கு அல்ல.

திரும்ப அழைப்பு ஒரு கம்பெனியோடு நிற்கும் விஷயமும் இல்லை. 2020 ஜூலையில் மாருதி, பெட்ரோல் பம்ப் குறைக்காக 1,34,885 வேகன்-ஆர், பெலினோ கார்களைத் திரும்ப அழைத்தது. நீங்கள் பார்க்கும் வண்டிக்கு அப்படி ஒரு வேலை பாக்கி இருக்கிறதா என்று சேஸி எண்ணைக் கொடுத்து அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கேட்கலாம். அதே எண்ணுக்கு சர்வீஸ் வரலாறும் கிடைத்தால் மீட்டரைக் குறைத்து வைத்த கதையும் வெளியே வந்துவிடும். 2019-இல் 71,000 என்று பதிவான வண்டி இன்று 52,000 காட்ட முடியாது. சர்வீஸ் பதிவே இல்லையா? மிதிகளின் ரப்பரைப் பாருங்கள், ஸ்டீயரிங் வளையத்தின் பளபளப்பைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது.

உப்பும் வண்டலும்

மரக்காணத்தில் உப்பளம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வருடக்கணக்கில் நின்ற வண்டியில் கடற்காற்று செய்யும் வேலை பெயின்ட்டுக்கு அடியில் நடக்கும். கதவின் கீழ் விளிம்பு, வீல் ஆர்ச், தரைத் தகடு, சைலன்ஸர் மாட்டும் இடங்களில் விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள். தகடு சத்தம் கணீரென்று வரும். பட்டி வைத்து இழைத்த இடம் மந்தமாக ஒலிக்கும். ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனால் பட்டி கனமாக இருக்கும் இடத்தில் ஒட்டாது. வெளியே டிங்கரிங் செய்து பெயின்ட் அடிக்க ஒரு பேனலுக்கு மூவாயிரம் நாலாயிரம் ஆகும். தரைத் தகட்டுத் துரு அப்படி அல்ல. அது வந்துவிட்டால் விட்டுவிடுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கும் அதே தீர்ப்புதான். ஓடும்போது காற்று இழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் கனெக்டிங் ராடு வளையும். பழுது பார்க்கும் செலவு, இன்சூரன்ஸில் வண்டிக்குக் குறித்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ் கம்பெனி அதை டோட்டல் லாஸ் ஆகக் கணக்கிடும். அதற்குப் பிறகு அது ஏலத்தில் போகிறது, எடுத்தவர் சரி செய்கிறார், ஆர்.சி. ரத்தாகாதவரை புத்தகத்தில் எந்த அடையாளமும் இல்லாமல் மீண்டும் ரோட்டுக்கு வருகிறது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் சென்னைப் பலகை வண்டிகளைப் பார்த்து நாம் பயந்தோம். ஃபெஞ்சலுக்குப் பிறகு நம் பலகையையும் அப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. விற்பவரிடம் முந்தைய இரண்டு வருட இன்சூரன்ஸ் பாலிசியைக் கேளுங்கள். நோ கிளெய்ம் போனஸ் 2025-இல் திடீரென்று சுழியத்துக்கு இறங்கியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

இன்ஜின் பிழைத்தாலும் வயர்கள் பிழைக்காது. மூழ்கிய வண்டியில் கனெக்டர்களுக்குள் பச்சைப் பூசணம் போலத் துரு மெல்ல வளரும். ஆறு மாதம் கழித்து ஒருநாள் பவர் விண்டோ இறங்காது, பிறகு ஹார்ன் அடிக்காது, பிறகு நடுரோட்டில் வண்டி அணையும். பல கார்களில் ஏர்பேக்கை இயக்கும் கணினிப் பெட்டி தரையோடு ஒட்டி, கியர் லிவரை ஒட்டிய மேட்டில்தான் இருக்கிறது. வண்டிக்குள் தண்ணீர் ஏறினால் சீக்கிரம் நனைபவற்றில் அதுவும் ஒன்று.

ஏர்பேக் பற்றி ஒரு வார்த்தை. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு ஆல்டோ 800, ஐ10, ஃபிகோ, போலோ, நானோ ஆகியவற்றின் ஏர்பேக் இல்லாத வேரியன்ட்களை மோதிப் பார்த்து, பெரியவர் பாதுகாப்புக்கு ஐந்துக்கும் சுழிய நட்சத்திரம் கொடுத்தது. இன்று பழைய சந்தையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் அந்தக் காலத்து அடிப்படை வேரியன்ட்களே. 2019 ஜூலைக்குப் பிறகுதான் டிரைவர் ஏர்பேக் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது. ஆறு வழி, நான்கு வழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிறோம். இரண்டு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் உள்ள வேரியன்டுக்கு முப்பதாயிரம் அதிகம் கேட்டால், சன்ரூஃபையும் பெரிய மியூசிக் சிஸ்டத்தையும் விட்டுவிட்டு அந்த முப்பதாயிரத்தைக் கொடுங்கள்.

காகிதம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் தவறவிடாதீர்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டே இருப்பது நம் ஊர் வழக்கம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாறும்வரை சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் பழையவர்தான். விபத்து இழப்பீடும் அவர் தலையில்தான் விழும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. எனவே விற்பவருக்கும் இது ஆபத்து. கடன் இருந்த வண்டி என்றால் படிவம் 35-உம் வங்கியின் கடிதமும் வேண்டும். பி.ஒய்-01 பலகை வண்டி மலிவாகத் தெரியும், புதுச்சேரியிலிருந்து என்.ஓ.சி. வாங்கி, தமிழ்நாட்டுச் சாலை வரியைக் கட்டி, எண் மாற்ற ஆகும் தொகையையும் கூட்டிப் பார்த்தால் அந்த மலிவு கரைந்துவிடும். ஓராண்டுக்கு மேல் இங்கேயே வைத்திருந்தால் எண் மாற்றுவது கட்டாயம். பதினைந்து வயதை நெருங்கும் காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 5,000 ரூபாய்; இருபது வயதைத் தாண்டினால் 10,000. எஃப்.சி.க்காகச் செய்ய வேண்டிய வேலைகள் தனி. பழைய கார் வியாபாரி ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். விற்பவரின் ஃபாஸ்டேக்கைக் கழற்றிக் கணக்கை மூடச் சொல்லுங்கள். நிலுவையில் இருக்கும் இ-சலானைப் பரிவாகன் தளத்தில் பாருங்கள்.

மச்சான் வாங்கிய கார்

திண்டிவனத்திலிருந்து நாங்கள் வெறுங்கையோடு திரும்பினோம். அடுத்த வாரம் விழுப்புரத்தில் இன்னொரு வண்டி. 3,20,000 சொன்னார்கள். ஆயிரம் ரூபாய் கொடுத்து, தெரிந்த பட்டறையில் லிஃப்டில் ஏற்றி, ஸ்கேனர் மாட்டிப் பார்த்தோம். பிறகு விற்பவர் எதிரிலேயே ஒரு தாளில் எழுதினோம்: நான்கு டயர் 16,000, பேட்டரி 4,500, கிளட்ச் 7,000, முன் சஸ்பென்ஷன் 9,000, டைமிங் பெல்ட் 4,500, ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் சேர்த்து 5,000. மொத்தம் 46,000. அவர் தாளை இரண்டு முறை படித்தார். வாதாடவில்லை. 2,90,000-க்கு முடிந்தது. நான்கு டயரில் இரண்டு இன்னும் ஒரு வருடம் தாங்கும் என்று பட்டறையில் சொன்னதால், இதுவரை ஆன செலவு 38,000. அத்தை இப்போது பின் சீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்தபடி ஜிப்மர் போய்வருகிறார்.

அந்த வெள்ளைக் கார் இரண்டு வாரத்தில் அங்கே இல்லை. யாரோ வாங்கிவிட்டார்கள். வாங்கியவர் இதைப் படிக்க நேர்ந்தால் அவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் சிவப்பாக ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் ஏர்பேக் வேலை செய்யாது. எரியவே இல்லை என்றால் அந்த விளக்கின் பல்பை யாரோ கழற்றியிருக்கலாம். இரண்டில் எதுவாக இருந்தாலும், அதைச் சரி செய்யும்வரை குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறாதீர்கள்.